நகக்கோடு

போன வருடக் கோடை விடுமுறை முழுவதும், மாலையில் என் மகன் வீடு திரும்பியதும் நான் அவனுடைய முன்கையை நகத்தால் கீறிப் பார்ப்பேன். வலிக்கிற மாதிரி அல்ல. பலகையில் பல்பத்தால் கோடு இழுப்பது போல, முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை ஒரே இழுப்பு. குட்டையிலோ கிணற்றிலோ வெகுநேரம் ஊறிய உடம்பாக இருந்தால் கோடு சுண்ணாம்பு பட்டது போல வெள்ளையாகத் தெரியும். இல்லாவிட்டால் ஒன்றும் தெரியாது.

இதைச் சொல்லிக்கொடுத்தது பக்கத்து வீட்டு அக்கா. அவருக்கும் என் மகன் வயதில் ஒரு பையன். இருவரும் தாம்பரத்தில் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பு. காலையில் குரோம்பேட்டையில் மின்சார ரயில் ஏறுவார்கள், மாலையில் ஒன்றாகவே இறங்குவார்கள்.

பள்ளிக்கூட நாட்களில் எனக்கு இத்தனை பயம் கிடையாது. மணி அடித்தால் போகிறான், மணி அடித்தால் வருகிறான். விடுமுறைக்குத்தான் மணி இல்லை. அந்த வருடம் முழுப் பரீட்சைக்குக் கொஞ்சம் முன்னால் எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி, பதினொன்றாம் வகுப்புப் படித்த பையன் ஒருவன் கல்குட்டையில் மூழ்கிப்போனான். பல்லாவரத்து மலையைக் கல்லுக்காக உடைத்து உடைத்து, விட்டுப்போன பள்ளங்களில் மழைத் தண்ணீர் நின்று உண்டான குட்டைகள் அவை. மேலே பார்த்தால் பச்சைக் கண்ணாடி மாதிரி இருக்கும். ஆழம் யாருக்கும் தெரியாது. அந்தப் பையன் நன்றாக நீந்தக் கூடியவன் என்றார்கள். அதைக் கேட்டபிறகுதான் எனக்குத் தூக்கம் போயிற்று.

குட்டைப் பக்கம் போகக் கூடாது என்று மகனிடம் சொன்னேன். "சரிம்மா" என்றான். சொன்ன வேகம்தான் எனக்குப் பிடிக்கவில்லை.

"தலைமேல அடிச்சு சத்தியம் வாங்கு" என்றார் அக்கா. "தாய் தலைல சத்தியம் பண்ணிட்டு எந்தப் புள்ளையும் தண்ணில எறங்காது."

"எங்க வீட்ல சத்தியம் பண்ணக் கூடாதுக்கா. அது எங்க வழக்கம் இல்ல."

"சத்தியம் பண்ணக் கூடாது, பொய் மட்டும் சொல்லலாமா?" என்று சிரித்தார். கோயில் மணி கேட்டால் கன்னத்தில் போட்டுக்கொள்கிறவருக்கு எங்கள் ஞாயிற்றுக்கிழமை வழக்கங்களைக் கேலி செய்வதில் ஒரு தனிப் பிரியம். பிறகு குரலைத் தாழ்த்தி, "சரி, சத்தியம் வேணாம். நகம் இருக்கில்ல?" என்றார்.

என் கணவருக்கு இது வேடிக்கை. அவர் திருநெல்வேலிப் பக்கம். "எங்க ஊர்ல இந்த வயசுல நீந்தத் தெரியாதுன்னா கேலி பண்ணுவாவ" என்பார். "நீங்க கூட்டிட்டுப் போய்க் கத்துக் குடுங்களேன்" என்றால், "ஞாயித்துக்கிழமை பாப்போம்" என்பார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, சாப்பிட்டுப் படுத்தால், எழுந்திருக்கும்போது வெயில் போயிருக்கும். ஆறு நாளும் வேலைக்குக் கடற்கரை ஸ்டேஷன் வரை ரயிலில் நின்றுகொண்டே போய்வருகிற மனிதரை எழுப்ப எனக்கும் மனம் வராது.

சபையில் விடுமுறை வேதாகமப் பள்ளி நடந்த வரையில் பிழைத்தேன். சின்னப் பிள்ளைகளோடு கை தட்டிப் பாட வெட்கப்பட்டான் என்றாலும் போனான். அது முடிந்தபின் மே மாதம் முழுதாக மீதி இருந்தது. கத்தரி வெயில். எங்கள் கிணற்றில் வாளி தரையைத் தட்டும் ஓசை கேட்க ஆரம்பித்துவிட்டது. கயிற்றை நீட்டிக் கட்டினேன். ஆளுக்கு ஒரு வாளித் தண்ணீரில் குளியல். பம்மல் பக்கமிருந்து காற்றடித்தால் தோல் பதனிடும் நாற்றம் வேறு. மேல் உதடு அப்போதுதான் கருக்கத் தொடங்கியிருந்த ஒரு பிள்ளையை அந்த வெயிலில் வீட்டுக்குள் உட்கார் என்று எப்படிச் சொல்வது? விளையாடப் போ என்பேன். எங்கே போனான் என்று மாலை வரை வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

வந்ததும் கையை நீட்டுவான். "டாக்டரம்மா, பேஷன்ட் ரெடி" என்பான். கீறுவேன். கோடு இருக்காது. எனக்கு வெட்கமாகிவிடும். படித்தவள், பிள்ளையை நம்பாமல் இது என்ன வேலை என்று தோன்றும். மறுநாள் வெயில் ஏற ஏற அந்த வெட்கம் காய்ந்துவிடும்.

அந்த மாதம் தேங்காயெண்ணெய் சீக்கிரம் தீர்ந்தது. எண்ணெய் வைத்துக்கொள்ளச் சொல்லி நான் கெஞ்சிய காலம் போய், அவனாகவே தலை வாரிக்கொண்டு கிளம்பினான். பெரியவனாகிறான் என்று பெருமைப்பட்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை. வீட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிச் சாவியை அவன் கையில் கொடுத்துவிட்டு நான் பல்லாவரம் சந்தைக்குப் போனேன். காய்கறி வாங்கி முடித்து, ஒரு மண் சட்டி பார்ப்பதற்காகக் குனிந்தேன். சட்டி விற்கிற அம்மாள் வழக்கமாக என்னிடம் பேசுகிறவர்.

"இன்னா மா, தனியா வந்துகீறே? போன வாட்டி பை தூக்கினு வந்துச்சே, அந்த நெட்ட புள்ள எங்க?"

"வீட்ல இருக்கான்."

"வூட்லயா? நான் சோறு துன்னுட்டு வர்றப்போ குட்டைல பாத்தனே. தவள மாரி குதிக்குது."

"எந்தக் குட்டை?"

"எங்க வூட்டாண்ட மலை ஓரமா கீதே, அதான். இன்னா மா, மூஞ்சி இப்டி ஆயிடுச்சு? அதெல்லாம் நல்லாத்தான் நீஞ்சுது, போ."

சட்டியைக் கீழே வைத்தேனா, போட்டேனா என்று இப்போதும் நினைவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு மலைப் பக்கம் நடந்தேன். ஓடவில்லை. ஓடினால் ஏதோ நடந்துவிட்டது என்று ஆகிவிடும் போல இருந்தது. அது அவன் இல்லை, பக்கத்து வீட்டுப் பையனாக இருக்கும், அவனும் நெட்டைதான் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டேன். அப்படிச் சொல்லிக்கொண்டதற்காக உடனே அக்காவை நினைத்து மனம் குறுகினேன்.

கல்மேட்டில் ஏறியதும் குட்டை கீழே தெரிந்தது. மூன்று பக்கம் செங்குத்தாக வெட்டிய பாறை. ஒரு பக்கம் மட்டும் படி மாதிரி சரிவு. தண்ணீரில் நான்கைந்து தலைகள். அவற்றில் ஒன்று என் மகனுடையது. ஈரத்தில் முடி ஒட்டிக்கிடந்தபோது உச்சியில் இரட்டைச் சுழி தெரிந்தது. அந்தத் தலையை நான் எத்தனை வருடம் துவட்டியிருக்கிறேன்!

"டேய், உங்கம்மாடா!" என்று ஒருவன் கத்தினான்.

சுழி இருந்த தலை தண்ணீருக்குள் போய்விட்டது.

மற்றத் தலைகள் என்னைப் பார்த்துத் திரும்பின. பக்கத்து வீட்டுப் பையன் கைகளைத் துழாவிக்கொண்டே, "ஆன்ட்டி, அவன் வரல ஆன்ட்டி" என்றான். "அவன் வீட்ல இருக்கான்."

சரிவில் அவர்களுடைய உடுப்புகள் குவியல் குவியலாகக் கிடந்தன. ஒரு சட்டை மட்டும் மடித்து, மேலே கல் வைத்திருந்தது. அதன் பக்கத்தில், நான் கழுவி ஜன்னலில் கவிழ்த்து வைத்திருந்த பழைய மை பாட்டில். அதில் பாதிக்குத் தேங்காயெண்ணெய். ஏன் கோடு விழவில்லை என்பது அப்போது புரிந்தது. புரிந்ததில் கோபம்கூட வரவில்லை. அவன் இன்னும் மேலே வரவில்லை.

பெயர் சொல்லிக் கூப்பிட வாய் திறந்தேன். சத்தம் வருவதற்குள் வேறொன்று தோன்றியது. நான் இங்கே நிற்கும் வரை அவன் வரமாட்டான். அவனை எனக்குத் தெரியும். சின்ன வயதில் வாளிக்குள் முகத்தை அமிழ்த்தி, நான் பயந்து தூக்கும் வரை இருப்பான். என் பயம்தான் அவனுக்குப் பந்தயம். இப்போது பந்தயம்கூட இல்லை, அவனுக்கே பயம். பாறையடியில் எங்கோ எதையோ பிடித்துக்கொண்டு, அம்மா போய்விட வேண்டும் என்று காத்திருக்கிறான்.

இறங்கலாம் என்றால் எனக்கு நீச்சல் தெரியாது. கத்தலாம். கத்தினால் இன்னும் ஆழத்துக்குப் போனால்? போய்விடலாம். போய்விட்டு, அவன் வராமலே போனால்? பிள்ளை தண்ணீருக்குள் இருக்கும்போது முதுகைக் காட்டிவிட்டுப் போனவள் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை, நானே சொல்லிக்கொள்வேன், சாகும் வரை.

"அப்படியா?" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி கேட்டது. "சரி, நீங்களும் சீக்கிரம் கிளம்புங்க. நான் வீட்டுக்குப் போறேன்."

திரும்பி நடந்தேன். மேட்டில் ஒரு பெரிய பாறை இருந்தது. அதன் பின்னால் போனதும் கால் நின்றுவிட்டது. பையை மார்போடு கட்டிக்கொண்டேன். உள்ளே தக்காளி நசுங்கி, ரவிக்கை ஈரமாயிற்று. தூரத்தில் கல் உடைக்கும் ஓசை. அது நின்றால் தேவலை, எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஜெபம் செய்யவும் வரவில்லை. பிள்ளைகள் யாரும் பேசவில்லை. ஏன் பேசவில்லை? திரும்பி ஓடிவிடுவதென்று ஒரு காலை எடுத்து வைத்தேன்.

அப்போது இருமல் கேட்டது. தொடர்ந்து, மூச்சை இழுக்கும் சத்தம். கிழிகிற துணி மாதிரி இருந்தது.

"போய்ட்டாங்களா?" என்று கேட்டான்.

நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். பூட்டிய கதவின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். சாவி அவனிடம்தானே இருந்தது.

வெயில் தாழ்ந்தபின் வந்தான். என்னை வாசலில் பார்த்ததும் ஒரு நொடி தயங்கினான். பிறகு வழக்கம் போலக் கையை நீட்டினான். கை எண்ணெயில் மினுங்கியது. டாக்டரம்மா என்று சொல்லவில்லை.

"கீறலையா?"

"மை பாட்டில் எங்க?"

கையை இழுத்துக்கொண்டான். "பாத்துட்டியா?"

"உன் தலையையே பாத்தேன்."

"அப்ப ஏன் போய்ட்ட?"

"நான் நின்னா நீ மேல வந்திருப்பியா?"

யோசித்தான். பொய் சொல்லப்போகிறானோ என்று பார்த்தேன். "வந்திருக்க மாட்டேன்" என்றான். "ஆனா நீ போனது எனக்குத் தெரியாதும்மா. தண்ணிக்குள்ள எப்படித் தெரியும்? பாறையப் புடிச்சுக்கிட்டு இருந்தேன். பாசில கை வழுக்கிடுச்சு. அதான் வந்தேன்."

நான் போனதால் அவன் வரவில்லை. பாசி விட்டதால் வந்தான். எவ்வளவு யோசித்து, எவ்வளவு நடுங்கி எடுத்த முடிவு! அதற்கும் அவன் மூச்சுக்கும் சம்பந்தமே இல்லை.

அடிக்க வேண்டும் என்று தோன்றியது. கையை ஓங்கவும் செய்தேன். அவன் ஒதுங்காமல் நின்றதைப் பார்த்ததும் கை இறங்கிவிட்டது.

"என்னைப் பாத்து ஒளியாத" என்றேன். "நான் அடிப்பேன், கத்துவேன், அதெல்லாம் பண்ணத்தான் பண்ணுவேன். மேல வந்து அடி வாங்கு. தண்ணிக்குள்ள மட்டும் ஒளியாத."

"சரிம்மா" என்றான். இந்த முறை மெதுவாகச் சொன்னான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் என் கணவரைச் சாப்பிட்டுப் படுக்க விடவில்லை. சேலையூருக்கு அந்தப் பக்கம், அவருக்குத் தெரிந்தவருடைய வயலில் பம்பு செட்டுக் கிணறு ஒன்று இருந்தது. படிக்கட்டு வைத்துக் கட்டியது, அடி மணல் தெரியும். மூவரும் பஸ் ஏறிப் போனோம். அக்கா தன் பையனை அனுப்பவில்லை. அவன் முதுகில் விசிறிக் காம்பின் தடம் இன்னும் ஆறவில்லை.

அப்பாவும் பிள்ளையும் இறங்கினார்கள். நான் கிணற்று விளிம்பில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மேலே வரும் ஒவ்வொரு முறையும் அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான், பார்த்ததும் கை கால் தடுமாறியது.

"அம்மா, நீ பாக்காத. நீ பாத்தா எனக்கு மூச்சு முட்டுது."

"அவ அங்கன போய் உக்காரட்டும்" என்றார் என் கணவர்.

பம்பு ரூமின் நிழலில், கிணற்றுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தேன். எதிரே அறுத்துவிட்ட வயல். தொப்பென்று விழும் சத்தம் கேட்கும். பிறகு ஒன்றும் கேட்காது. பிறகு மூச்சு வாங்கும் சத்தம், சிரிப்பு. மறுபடியும் தொப்பென்று ஒரு சத்தம். நடுவில் இருக்கும் அந்த ஒன்றும் கேட்காத நேரம்தான் என்னுடையது. அது ஒவ்வொரு முறையும் ஒரே அளவாக இருக்கவில்லை. திரும்பிப் பார்க்கவில்லை. அது சரிதானா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. இந்த வருட விடுமுறை வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைதோறும் அங்கேதான், அதே இடத்தில் அதே மாதிரி உட்கார்ந்திருக்கிறேன்.

அந்த முதல் நாள் திரும்பும்போது பஸ்ஸில் அவன் என் பக்கத்தில் உட்கார்ந்தான். ஈரத் தலை என் தோளில் பட்டது. திடீரென்று என் இடது கையைப் பிடித்துத் திருப்பினான். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வரி வரியாகக் கீறல்கள். நான் எப்போது கீறிக்கொண்டேன் என்று எனக்கே தெரியவில்லை. காலையில் ஒரு பக்கெட் துணி துவைத்த கை. எல்லாக் கோடுகளும் வெள்ளையாகத் தெரிந்தன.

"அப்பா, இங்க பாருங்க" என்றான். "அம்மா எந்தக் குட்டைல குளிச்சாங்கன்னு கேளுங்க."