கட்டி வைத்த வயர்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரின் பக்கத் தகட்டைக் கழற்றினால் உள்ளே ஒரு கறுப்பு வயர் சுருட்டிக் கட்டப்பட்டிருக்கும். எதிலும் செருகாத வயர். அதைக் கட்டியிருப்பது நீல நிறப் படங்குத் துண்டு. ஈரத் தேயிலைச் செடி உடம்பை நனைக்காமல் இருக்க, கொழுந்து பறிக்கிற பெண்கள் இடுப்பைச் சுற்றிக் கட்டிக்கொள்ளும் தடித்த விரிப்புதான் படங்கு. அக்கா தன் பழைய படங்கின் ஓரத்தைக் கிழித்து அந்த வயரைக் கட்டினாள். "இது இப்ப சும்மா கெடக்கட்டும்டி. கார்டு வந்ததும் அவுத்துக்கலாம்" என்றாள். கார்டு வரும் முன்னே அவள் போய்விட்டாள். வயர் கட்டியபடியே கிடந்தது.

அக்கா கொழும்புப் பக்கம் ஒரு தையல் தொழிற்சாலையில் வேலை செய்தவள். கம்ப்யூட்டர் விளையாட்டெல்லாம் போனில் பார்த்துத்தான் அவளுக்குத் தெரியும். விடுதியில் மற்றவர்கள் நாடகம் பார்க்கும்போது இவள் எந்தப் புரொசஸர் நல்லது, எந்த போர்டு மட்டம் என்று பேசுகிற வீடியோக்களைப் பார்ப்பாளாம். அப்பா மலையில் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டதும் திரும்பி வந்தாள். வராமல் என்ன செய்வது? வீட்டில் ஒருவராவது தோட்டத்தில் பெயர் பதிந்து வேலை செய்யாவிட்டால், வரிசை வீடான லயத்தில் இருக்கிற ஒற்றைக் காம்பறாவையும் திருப்பிக் கேட்பார்களோ என்ற பயத்தில்தான் எங்கள் ஆட்கள் தலைமுறை தலைமுறையாக, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் போய் நிற்கிறார்கள். அக்காவும் போய் நின்றாள். கொழும்பில் சேர்த்ததை மட்டும் யாருக்கும் கொடுக்கவில்லை. அது கம்ப்யூட்டருக்கு என்று முதல் நாளே சொல்லிவிட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தலவாக்கலையில் பஸ் ஏறி ஹட்டனுக்குப் போனோம். கம்ப்யூட்டர் கடை நானா, முஸ்லிம் அண்ணன்மாரை அப்படித்தான் கூப்பிடுவோம், நல்ல மனிதர். வாயும் ஓயாது. "படிக்கவா தங்கச்சி, ஆபீஸ் வேலைக்கா?" என்று கேட்டார்.

"வெளயாட" என்றாள் அக்கா.

"யாரு, மகனா?"

"மகனெல்லாம் இல்ல நானா. எனக்குத்தான்."

நானா சிரித்துவிட்டு, கண்ணாடிப் பக்கமும் கலர் கலராக லைட்டும் வைத்த ஒரு கேசைக் காட்டினார். எனக்கு அதன் மேல்தான் கண். அக்கா திரும்பியும் பார்க்கவில்லை. லைட்டா வெளயாடப் போகுது என்று கேட்டுவிட்டு, மூலையில் கிடந்த மொட்டைக் கறுப்புக் கேசை எடுத்தாள். அதோடு ஒரு பவர் சப்ளை இனாமாக வருகிறது என்றார் நானா. கரண்டை வாங்கி உள்ளே இருக்கிற எல்லாவற்றுக்கும் பிரித்துக் கொடுக்கும் பெட்டி அதுதான். அக்கா அதைக் கையில் தூக்கிப் பார்த்தாள். பாரமே இல்லை. "இது எங்க லயத்துல ஒரு மழைக்குத் தாங்காது நானா. இதக் கழட்டி நீங்களே வச்சுக்கிட்டு கேஸ மட்டும் தாங்க" என்றாள். அவள் சொன்னது சரி. எங்கள் லயத்தில் சாயந்தரம் ஆனால் பல்பு அழுது வடியும். இடி இடித்தால் எல்லா வீட்டிலும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு உட்கார்ந்திருப்போம்.

நல்ல பவர் சப்ளையாக, தேவைக்கும் பெரியதாக ஒன்றைத் தனியாக எடுத்தாள். "இப்ப போடுற சாமானுக்கு இது அதிகம்" என்று நானாவே சொன்னார். "வரப்போறதுக்கும் சேத்துத்தான்" என்றாள். அதை எடுத்த பிறகு, விளையாட்டுப் படத்தைத் தெளிவாகக் காட்டும் கிராபிக்ஸ் கார்டு எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. கார்டு இல்லாமல் என்ன விளையாட்டு என்று நான் அவளோடு கடையிலேயே சண்டை போட்டேன். அவள் அசரவில்லை. திரையில் படம் காட்டுகிற வேலையையும் தானே பார்த்துக்கொள்ளும் ஒரு புரொசஸரை எடுத்தாள். ரேம் ஒன்று பெரியதாகப் போடாமல் சின்னதாக இரண்டு போட்டாள், அந்த மாதிரிப் புரொசஸர் அப்போதுதான் வேகமாக ஓடுமாம். கார்டு செருகும் இடத்தைக் காலியாக விட்டாள். பவர் சப்ளையிலிருந்து அந்தக் கார்டுக்குக் கரண்ட் கொடுக்கிற வயரைத்தான் பிறகு படங்குத் துண்டால் கட்டி வைத்தாள். மானிட்டர் ஏதோ ஆபீஸில் கழித்துப் போட்டது. பெட்டிகளை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தோம். கண்டக்டர் ரொட்டி போடுகிற மெஷினா என்று கேட்டான். ஆமா, ஒனக்கு ரெண்டு சுட்டுத் தரவா என்றாள் அக்கா.

அவளுக்குப் பிடித்தது லாரி ஓட்டும் விளையாட்டு. ஏதோ ஒரு நாட்டு நீளமான ரோட்டில் சரக்கு ஏற்றிக்கொண்டு போய்க்கொண்டே இருப்பாள். கார்டு இல்லாததால் எல்லாவற்றையும் குறைத்து வைத்துத்தான் ஓட்ட வேண்டும். பக்கத்து மரம் தெரியும், தூரத்து மலை தெரியாது, வெறும் சாம்பல். "வெளியவும் பனி, உள்ளயும் பனி. தோட்டத்த விட்டுப் போக விடமாட்டேங்குறானே" என்று சிரிப்பாள். தூரம் தெரிய வேண்டுமென்றால் கார்டு வேண்டும்.

அப்பா வெட்கப்பட்டு, சின்னவள் படிக்க வாங்கியது என்று லயம் முழுக்கச் சொல்லிவைத்தார். அக்கா கேட்ட இடத்திலெல்லாம் திருத்தினாள். "இல்ல அத்தை, அது எனக்கு. லாரி ஓட்ட." ஒருத்தி காறித் துப்பினாள். எனக்கு இன்றைக்கும் இதில்தான் ஆத்திரம். நுவரெலியாவுக்கு லீவில் வருகிறவன் வீட்டுப் பிள்ளையிடம் இது எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. எங்களிடம் ஒரு பந்து இருந்தால்கூட அது எதற்கு என்று பதில் சொல்ல வேண்டும். படிப்புக்கு என்றால் விடுவார்கள். வேலைக்கு என்றால் விடுவார்கள். ஆசைக்கு என்று சொன்னால் திமிர்.

மேல்மலையில் ஒரு மரத்தில் குளவிக் கூடு இருந்தது. பறிக்கிற பெண்கள், மலை வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையாவிடம் பல தடவை சொல்லியிருந்தார்கள். பார்ப்போம் என்றார். ஒரு நாள் காலை கூடு கலைந்தது. மற்றவர்கள் ஓடினார்கள். அக்கா கீழே விழுந்த ஒரு கிழவியைப் படங்கால் மூடப் போனாளாம். கொழுந்து லாரி ஃபேக்டரிக்குப் போயிருந்தது. கம்பளியில் போட்டு ரோட்டுக்குத் தூக்கி வந்து ஆட்டோவில் ஏற்றினார்கள். ஆஸ்பத்திரிக்கு உயிரோடு போய்ச் சேரவில்லை. கிழவி பிழைத்துவிட்டாள். அடுத்த நாள் கூட்டை எரித்தார்கள். அதற்கு முன்பே எரிக்க முடியாமல் போனதற்கு என்ன காரணம் என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை.

குழிமேட்டில் தோட்டத்துச் சங்கத் தலைவர் பேசினார். எல்லாச் சாவிலும் பேசுகிறவர்தான். தன் ஆசையையெல்லாம் குழிதோண்டிப் புதைத்துவிட்டு, தங்கையின் படிப்புக்காகக் கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்த தியாகச் சுடர் என்றார். பெண்கள் விசும்பினார்கள். "இல்ல தலைவரே. அது அக்கா வெளயாட வாங்கினது" என்றேன். அத்தை என் கையைக் கிள்ளினாள். தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு அதையே இன்னொரு தடவை சொன்னார். நானும் இன்னொரு தடவை சொன்னேன். "சாவு வீட்டுல ஏன்டி மானத்த வாங்குற" என்றார் அப்பா. உயிரைக் குளவிக்குக் கொடுத்த பிறகு அவளிடம் மிச்சம் இருந்தது அந்த ஓர் ஆசைதான். அதையும் பிடுங்கி எனக்குப் போட்டுவிட்டால் அவளுக்கு என்ன இருக்கிறது?

நான் அந்தக் கம்ப்யூட்டரில் படித்தது உண்மைதான். ஹட்டனில் ஒரு ஃபார்மசியில் இப்போது வேலையும் பார்க்கிறேன். பார்த்தாயா, அக்கா வாங்கிக் கொடுத்தது வீண்போகவில்லை என்று சொல்லாத ஆள் இல்லை. நான் படித்ததால் அது படிக்க வாங்கியதாகிவிடாது.

போன மாதம் அதே கடைக்குப் போய் ஒரு கார்டு கேட்டேன். நானாவுக்குத் தாடி வெளுத்துவிட்டது. "என்ன வேலைக்கு தங்கச்சி?" என்றார்.

"வெளயாட."

என் முகத்தை அடையாளம் கண்டுகொண்டார். "உங்க அக்கா எடுத்த பவர் சப்ளை இன்னும் ஓடுதா?" என்று கேட்டார். ஓடுது என்றேன். "அப்ப இந்தக் கார்டத் தாங்கும்" என்று எடுத்து வைத்தார்.

படங்குத் துண்டை அவிழ்த்தேன். முடிச்சு இறுகிப் போயிருந்ததால் பல்லால் கடித்துத்தான் அவிழ்க்க முடிந்தது. வயர் சரியாகக் கார்டு வரை எட்டியது. பக்கத் தகட்டை மூடாமலேயே லாரியைக் கிளப்பினேன். எனக்கு ஓட்டத் தெரியாது, முதல் வளைவிலேயே மதகில் மோதினேன். ஆனால் தூரம் தெரிந்தது. ரோடு ஏறி இறங்கிப் போவதும், அதற்கப்பால் மலையும், மலைக்கு அப்பால் இன்னொரு மலையும் தெரிந்தன. பக்கத்துக் காம்பறா மாமா வாசலில் தலையை நீட்டி, "என்ன மச்சான், சின்னவ ஆபீஸ் வேலையா பாக்குது?" என்றார். அப்பா கட்டிலில் படுத்தபடி திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்ல. வெளயாடுது" என்றார். பிறகு, "பெரியவ வெளயாட வாங்கினது" என்றார்.

லாரியை ஓரமாக நிறுத்தினேன். அந்த வயருக்குச் செருக இரண்டு தலை. இந்தக் கார்டுக்கு ஒன்றே போதும். மிஞ்சியதைச் சுருட்டி, அதே நீலத் துண்டால் கட்டி உள்ளே வைத்துவிட்டுத் தகட்டை மூடினேன்.