எனக்காக வெயிலில் சாப்பிட்டவர்கள்

ஐந்தாம் வகுப்புக்காகப் பள்ளி திறந்த அன்று என்னை அப்பாதான் அழைத்துப் போனார். அதற்கு முன்பு எந்த வருஷமும் அவர் என் பள்ளிக்கு வந்ததில்லை. துறைமுக ஆபீஸில் குமாஸ்தா வேலை. காலையில் சைக்கிளில் ஏறினால் விளக்கு வைத்த பிறகுதான் வீட்டுக்கு வருவார். அன்று அரை நாள் லீவு சொல்லிவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு, ராயபுரம் கடற்கரையை ஒட்டியிருந்த எங்கள் பெண்கள் பள்ளிவரைக்கும் என் கையை விடாமல் பிடித்துக்கொண்டு நடந்தார். அவருடைய உள்ளங்கை வியர்த்திருந்தது. அது பயத்தில் வந்த வியர்வை என்று எனக்குத் தெரியும். அந்தப் பயத்துக்குக் காரணம் நான்தான் என்பதும் தெரியும்.

நாங்கள் வேலூர்ப் பக்கத்துக்காரர்கள். அப்பாவின் வேலைக்காக ராயபுரத்துக்குக் குடிவந்தவர்கள். வீட்டில் ஆட்டுக்கறி உண்டு, கோழி உண்டு. கடல் மீன் சமைக்க அம்மாவுக்குத் தெரியாது, வாசனையும் பிடிக்காது. பள்ளியிலோ முக்கால்வாசிப் பேர் மீனவர் வீட்டுப் பெண்கள். பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளும் அப்படித்தான். அவளுடைய அம்மா சென்னாக்குன்னி விற்பவள். சென்னாக்குன்னி என்பது அரிசியைவிடக் கொஞ்சம் பெரிதான பொடி இறால். கடற்கரை மணலில் பாய் விரித்துக் காயவைத்து, முறத்தில் புடைத்து, கூடையில் அள்ளித் தெருத் தெருவாக விற்பார்கள்.

நாலாம் வகுப்பு முடியப்போகிற சமயம். மத்தியானச் சாப்பாட்டின்போது அவள் தன் தூக்குச் சட்டியிலிருந்து ஓர் உருண்டை சோறு எடுத்து என் டிபன் மூடியில் வைத்தாள்.

"எங்கம்மா உனக்குன்னே குன்னித் தொக்கு செஞ்சி குட்த்துக்குது. துண்ணு பாரு."

தின்றேன். அப்படி ஒரு ருசியை நான் அதுவரை கண்டதில்லை. இன்னோர் உருண்டை கேட்டு வாங்கினேன். கை கழுவப் போவதற்குள் உதடு தடித்துவிட்டது. கண் இமைகள் வீங்கின. பிறகு மூச்சு உள்ளே போகவில்லை. டீச்சர் என்னைத் தூக்கிக்கொண்டு ஓடியது, கை ரிக்‌ஷாவின் மணிச் சத்தம், ஆஸ்பத்திரியில் யாரோ ஊசி குத்தியது எல்லாம் துண்டு துண்டாகத்தான் நினைவிருக்கின்றன.

ஆஸ்பத்திரி டாக்டர் அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். இறால், நண்டு எதுவும் இனி என் வாயில் படக் கூடாது. இதற்கு அலர்ஜி என்று பெயர். அடுத்த தடவை வந்தால், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரும்வரை உயிர் காத்திருக்காது. அப்பா அந்தச் சொல்லை அதற்கு முன் கேட்டதில்லை. கோடை லீவு முழுவதும், சந்தியில் நின்று யாரிடமாவது பேசும்போதெல்லாம் அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பள்ளி திறந்த அன்று அவர் பெரிய டீச்சரின் அறையில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். பெரிய டீச்சர் கண்டிப்பானவர். கேட்டு முடித்ததும் எழுந்து, என் தோளைப் பிடித்து வகுப்புக்கு அழைத்துவந்து, கரும்பலகைக்கு முன்னால் நிறுத்தினார்.

"இவ முகத்தை எல்லாரும் நல்லாப் பார்த்துக்கோங்க. போன வருஷம் என்ன ஆச்சுன்னு உங்களுக்கே தெரியும். மீன், இறால், கருவாடு கொண்டாந்தவங்க இனிமே வகுப்புக்குள்ள சாப்பிடக் கூடாது. வெளியில பூவரச மரத்துக்கிட்ட சாப்பிடணும். குழாயில சோப்புப் போட்டுக் கையும் வாயும் கழுவிட்டுத்தான் உள்ள வரணும். இவளுக்கு யாரும் எதுவும் தரக் கூடாது. இவ மூச்சுத் திணறினா ஒருத்தி என்கிட்ட ஓடி வரணும், இன்னொருத்தி வாசல்ல போய் ரிக்‌ஷா கூப்பிடணும். புரிஞ்சுதா?"

கடைசிப் பெஞ்சிலிருந்து ஒருத்தி கேட்டாள்: "அவளத் தொட்டா எங்களுக்கும் ஒட்டிக்குமா டீச்சர்?"

வகுப்பு சிரித்தது. முதல் ஓரிரு நாள் எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. மறைக்க என்ன இருக்கிறது, பள்ளி முழுக்க என்னைப் பற்றித்தான் பேச்சு. அந்த நோயின் பெயரைக் குழந்தைகள் 'அலறுஜி' என்று சொன்னார்கள். வந்தால் அலற வேண்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டார்கள்.

பெருமை சீக்கிரம் போய்விட்டது. மத்தியான மணி அடித்ததும் வகுப்பில் பாதிக்கு மேல் எழுந்து வெளியே போகும். தயிர்சாதம், புளிசாதம் கொண்டுவந்த நாலைந்து பேரும் நானும் மின்விசிறி இல்லாவிட்டாலும் நிழலாவது இருந்த வகுப்பறைக்குள் சாப்பிடுவோம். பூவரச மரத்தின் நிழல் கொஞ்சப் பேருக்குத்தான் போதும். மீதிப் பேர் வெயிலில் உட்கார்ந்து, பாவாடையை முழங்காலுக்கு இழுத்துவிட்டுக்கொண்டு, தட்டை மடியில் வைத்துச் சாப்பிடுவதை ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். நிழல் நகர நகர அவர்களும் நகர்வார்கள். எனக்குச் சோறு இறங்காது.

சோப்பை அப்பாதான் வாங்கிக் கொடுத்தார். குழாயடியில் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். ஒரு நாள் தண்ணீர் குடிக்கப் போனபோது, வரிசையில் நின்ற பெண் ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னது காதில் விழுந்தது.

"நம்மள கலீஜுன்னு நெனச்சிகினாங்க போல."

நான் தண்ணீர் குடிக்காமல் திரும்பிவிட்டேன். அப்படி இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் சோப்புப் போடுவது அவர்கள் மட்டும்தானே. உள்ளே உட்கார்ந்து தின்ற எங்களில் யாரையும் சோப்புப் போடச் சொல்லவில்லையே.

இரண்டாவது வாரம் என் கழுத்திலும் கையிலும் தடிப்பு வந்தது. எதையும் தொடவில்லை, தின்னவில்லை. டீச்சர் என்னைப் பார்த்தார், என் பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தார். அவளுடைய சட்டைக் கையின் மடிப்பில் உலர்ந்த குன்னியின் தூள் படிந்திருந்தது. காலையில் அம்மாவுக்குப் புடைத்துக் கொடுத்துவிட்டு அப்படியே வந்திருந்தாள். அன்று சாயங்காலத்துக்குள் அவளை அடுத்த பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். அவள் சிலேட்டையும் பையையும் எடுத்துக்கொண்டு போனாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்த பிரிவுக்கு ஒழுங்காக வாத்தியார் இல்லை. பாதி நாள் சும்மா உட்காரவைத்திருப்பார்கள். அவள் எங்கள் வகுப்பில் கணக்கில் முதல். அன்று வீட்டுக்குப் போய் அப்பாவிடம் சொன்னேன்: "நான் வேற பிரிவுக்குப் போறேன்பா. அவ இங்கயே இருக்கட்டும்."

அப்பா மறுநாள் போய்க் கேட்டார். அந்தப் பிரிவில் கடற்கரைப் பிள்ளைகள் இன்னும் அதிகம், அங்கே அனுப்பினால் ஆபத்து அதிகம் என்று பெரிய டீச்சர் சொல்லிவிட்டார். அவர் சொன்னது சரிதான். நான் எங்கே போய் உட்கார்ந்தாலும் என்னைச் சுற்றி இருப்பவர்கள்தான் எழுந்துபோக வேண்டியிருந்தது.

மூன்று மாதம் கழித்து, காலாண்டுப் பரீட்சை சமயத்தில், அவளுடைய அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தாள். வாசலுக்கு வெளியே தெருவிலேயே நின்றுகொண்டாள்.

"உள்ள வாம்மா," என்றாள் என் அம்மா.

"வேணாங்க்கா. குன்னிக் கூடைய தொட்ட பொடவ இது. பாப்பாவுக்கு ஆவாது." பிறகு சொன்னாள்: "நாந்தாங்க்கா அன்னிக்குத் தொக்கு குட்த்தனுப்ச்சேன். எம்பொண்ணு மேல தப்பு இல்ல. எனக்கும் தெரியாது. தெரிஞ்சி குடுப்பனா? நானும் புள்ள பெத்தவ."

"உன்னை யாரும் தப்புச் சொல்லலையே."

"சொல்லல. ஆனா எம்பொண்ண பிரிச்சி வெச்சிட்டாங்களே. வூட்டுக்கு வந்து சரியா துண்றதில்ல."

அப்பா பேப்பரை மடித்துவிட்டு எழுந்து வாசலுக்கு வந்தார். நான் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றேன்.

"ஒரு வழி கீது சாரு," என்றாள் அவள். "எங்க தெரு முனையில ஒரு பாய் வூடு கீது. அவுங்க தையல் வேல செய்றவங்க, மீனு கருவாடுன்னு எதுவும் அண்டாது. எம்பொண்ணு துணிமணியெல்லாம் அங்கியே வெச்சிடறேன். காலையில அங்க போயி குளிச்சி, துணி மாத்திகினு, நேரா இஸ்கூலுக்கு வந்துடும். குன்னி பக்கமே வுடமாட்டேன். அப்ப சேத்துப்பாங்களா? நீங்க ஒரு வார்த்த கேளுங்க."

அப்பா கேட்டார். பெரிய டீச்சர் ஒத்துக்கொண்டார். ஆயுத பூஜை லீவு முடிந்து பள்ளி திறந்தபோது அவள் திரும்ப எங்கள் வகுப்புக்கு வந்தாள்.

தன் வீட்டை விட்டுவிட்டு இன்னொருவர் வீட்டுப் பின்கட்டில் குளித்து, ஈரத் தலையோடு தினமும் வந்தாள். மழைக்காலத்தில் அவளுக்குப் பிடித்த சளி கடைசிவரை விடவே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவள் தும்மும்போதெல்லாம் நான் நோட்டைப் பார்த்துக் குனிந்துகொள்வேன். அதே மழைக்காலத்தில் வெளியில் உட்கார முடியாமல் பெண்கள் தாழ்வாரத்தில் நெருக்கியடித்துச் சாப்பிட்டார்கள். சிலர் மீனே கொண்டுவருவதை விட்டுவிட்டார்கள். ஒருத்தி வெறும் சோற்றில் உப்பும் வெங்காயமும் வைத்துக்கொண்டு எங்களோடு உள்ளே வந்து உட்கார்ந்தாள். வீட்டில் மீன்குழம்பைத் தவிர வேறு எதுவும் இல்லை என்றாள். என்னைக் குறை சொல்வதற்காக அவள் அதைச் சொல்லவில்லை. எனக்குத்தான் அப்படிக் கேட்டது.

என் சிநேகிதி திரும்பி வந்தாள் என்றேனே தவிர, பழையபடி வரவில்லை. முன்பெல்லாம் தோளில் கை போட்டுக்கொண்டு நடப்போம். இப்போது பெஞ்சில் இரண்டு பேருக்கும் நடுவே இடம் விட்டு உட்கார்ந்தாள். ஓடிப்பிடிக்கிற ஆட்டத்தில் என்னைத் துரத்தி வருவாள், கிட்டே வந்ததும் தொடாமல் நின்றுவிடுவாள். ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டேன்.

"ஏண்டி தள்ளித் தள்ளிப் போற?"

"உன்ன தூக்கினு ஓடுனாங்களே, அப்ப உன் வாயெல்லாம் நீலமா ஆயிட்ச்சு. நாந்தான உனக்குக் குட்த்தேன்."

"நான்தானே இன்னோர் உருண்டை கேட்டேன்?"

"நீ கேட்டா இன்னா? குட்த்தது நானு."

"தெரியாமத்தானே குடுத்தே."

"தெரியாம குட்த்தாலும் செத்தா செத்ததுதான."

மணி அடிக்கும்வரை யார் பேரில் தப்பு என்று இரண்டு பேரும் வாதாடிக்கொண்டிருந்தோம். அவள் விட்டுக்கொடுக்கவில்லை. நானும் விட்டுக்கொடுக்கவில்லை.

ஐந்தாம் வகுப்போடு அவள் படிப்பு நின்றது. அம்மாவுக்குக் கை ஆள் வேண்டும் என்றாள். நான் பஸ் ஏறி ஹைஸ்கூலுக்குப் போனேன். அடுத்த பிரிவில் வீணாய்ப்போன அந்த மாதங்கள் இல்லையென்றால் அவளும் வந்திருப்பாளோ என்று நினைத்துக்கொள்வேன். ஒரு முறை அவளிடமே கேட்டுவிட்டேன். சிரித்தாள். "எங்க தெருவுல எந்தப் பொண்ணுடி அஞ்சாவது தாண்டிக்குது? எல்லாத்துக்கும் நீதான் காரணமா?" என்றாள். அவள் சொன்னதை நம்ப ஆசைதான்.

சில வருஷம் கழித்து அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை எண்ணூர்ப் பக்கம். கல்யாணத்துக்கு மறுநாள் மீனும் இறாலும் ஆக்கி விருந்து வைப்பது அவர்கள் வழக்கம். அந்த விருந்துக்கு நான் வந்தே ஆக வேண்டும் என்று வீட்டுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனாள். அம்மா வேண்டாம் என்றாள். அப்பா கொஞ்சம் யோசித்து, போய் முகத்தைக் காட்டிவிட்டு வா, தண்ணீர்கூடக் குடிக்காதே என்றார்.

பந்தலில் இலை போட்டிருந்தார்கள். என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். ஆட்டுக்கறிக் குழம்பு, பொரியல், வடை. கடலிலிருந்து வந்தது என்று எதுவுமே இல்லை. மாப்பிள்ளை வீட்டு முதியவர் ஒருவர் எனக்குப் பக்கத்து இலையில் இருந்தார்.

"கடக்கரையில கண்ணாலம் பண்ணிட்டு ஒரு எறாகூட கண்ணுல காட்டல. இன்னா விருந்து இது," என்றார்.

குழம்பு ஊற்றிக்கொண்டு வந்த அவளுடைய அம்மா நிமிராமலே பதில் சொன்னாள்: "எம்பொண்ணு சொல்லிட்ச்சு நைனா. அடுப்பாண்ட எறா வந்தா நான் மணையில ஒக்காரமாட்டேன்னுட்ச்சு."

பந்தலில் ஆங்காங்கே முணுமுணுப்பு. யாருக்காக என்று தெரிந்தவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அதற்குள் மணப்பெண்ணே புதுப் புடவையோடு என் இலைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"துண்றியா, பயந்துகினு ஒக்காந்துகினு கீறியா? அண்டா குண்டா எல்லாம் எங்கண்ணு முன்னாலதான் கழுவுனாங்க. துண்ணு."

அப்பா சொன்னதை மறந்து சோற்றைப் பிசைந்தேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் தலையை நிமிர்த்தி யாரையும் பார்க்க முடியவில்லை. அந்தத் தெரு முழுவதற்கும் வருஷத்தில் கிடைக்கிற ஒரு நல்ல சாப்பாட்டை நான் ஒருத்தி கெடுத்துவிட்டேன் என்று இருந்தது. இரண்டாம் தடவை கறிக்குழம்பு வந்ததும் பக்கத்து இலை முதியவர் சமாதானமாகிவிட்டார். எனக்குத்தான் ஆகவில்லை.