ஆயிரம் எண்டால் எந்த ஆயிரம்?

தண்ணீர்த் தாங்கி விற்கிற தொழிலில் தண்ணீரால் ஒரு கரைச்சலும் வராது. வருகிற கரைச்சல் எல்லாம் லீற்றர், கலன், கன அடி என்ற மூன்று பேரால்தான். திருகோணமலைத் துறைமுகத்துக்குப் போகிற தெருவில் ஒரு கடையில் நான் கல்குலேற்றரும் கையுமாக நிற்கிறேன். கன அடியை இருபத்தெட்டால் பெருக்கினால் லீற்றர். கலனை நாலரையால் பெருக்கினாலும் லீற்றர். என்னைப் போல அளவுநாடாவோடு மாரடிக்கிற சகோதரங்களே, மிச்சக் கதையைக் கேளுங்கள்.

கயிறு சொன்ன பொய்

கந்தளாயிலிருந்து ஒரு நெல் வியாபாரி மனைவியோடு வந்தார். வீட்டுச் சீமெந்துத் தொட்டி காணாதாம், இன்னொரு தாங்கி வேணுமாம். "வட்டத் தொட்டி பிள்ளை. பன்னிரண்டடி அகலம், அஞ்சடி உயரம். பதினாறாயிரம் லீற்றர். எல்லாத்தையும் ஒரு நாளில இவதான் முடிக்கிறா!" அந்த அக்கா மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"பன்னிரண்டடியை எப்பிடி அளந்தனீங்கள் ஐயா?" என்று கேட்டேன். "கயித்தைத் தொட்டியைச் சுத்திப் பிடிச்சு." அப்படியென்றால் அது சுற்றளவு. அகலம் நாலடிகூட வராது. தட்டிப் பார்த்தேன்: ஆயிரத்து அறுநூறு லீற்றர். அவரும் தட்டிப் பார்த்தார். அதே ஆயிரத்து அறுநூறு. "கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்கோ பிள்ளை" என்று என் பக்கம் குனிந்தார். பிந்திவிட்டது. அக்கா கைப்பையைத் திறந்து போனை எடுத்தார். "ஒரு நாளில பதினாறாயிரம் லீற்றர் முடிக்க நான் என்ன யானையோ? தங்கச்சி, இன்னொருக்காச் சொல்லுங்கோ, நான் பதியப் போறன்!"

பாரையின் வால்

ஐஸ் பெட்டி வாங்க வந்த மீனவர் ஒருவர், இருநூறு லீற்றர் பெட்டிக்குள் எத்தனை கிலோ பாரை மீன் போடலாம் என்று கேட்டார். பாதி ஐஸ், பாதி மீன், இடையில் இருக்கிற வெளி என்று எல்லாவற்றையும் கழித்து உற்சாகமாக விளக்கினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, பெட்டியின் நீளத்தைச் சாண் போட்டுப் பார்த்தார். "கணக்கு நல்லாத்தான் இருக்கு தங்கச்சி. வாலை மடக்கச் சொல்லிப் பாரைக்கு ஆர் சொல்லுற?"

கடல் காணாத தோணி

குறிஞ்சாக்கேணியில் ஒரு கல்யாண வீடு. பெண்ணின் வாப்பா எங்களிடம் ஆயிரம் லீற்றர் தாங்கி எடுத்திருந்தார். கல்யாணத்தன்று காலை குழாய் பூட்ட, எங்கள் சாரதி நசீர் நானாவோடு நானும் போனேன். அப்போது தண்ணீர் ஏற்றுகிற பவுசர் லொறி வந்தது. வாப்பா போனில் "ஆயிரம் கொண்டு வாங்க" என்றிருக்கிறார். பவுசர்காரர் பழைய ஆள். அவருக்கு ஆயிரம் என்றால் ஆயிரம் கலன். அதாவது நாலாயிரத்து ஐந்நூறு லீற்றர்!

தாங்கி நிரம்பி வழிந்து பந்தலை நோக்கி ஓடியது. சமையல்காரர் விறகைத் தூக்கிக்கொண்டு கத்தினார். "திருப்பிக் கொண்டு போக ஏலாது, அடுத்த ஓட்டம் இருக்கு. இடம் காட்டாட்டி நிலத்தில விடுவன்" என்றார் பவுசர்காரர். வாப்பாவின் முகம் வெளுத்துப் போனது. விருந்துக்கு ஊரே வரப்போகிறது, முற்றம் சேறாகப் போகிறது. சுற்றிப் பார்த்தவரின் கண் வேலியோரம் நின்றது. மருமகனுக்கென்று வாங்கிய புதுத் தோணி, இன்னும் கடல் காணாதது. "தங்கச்சி, தோணி எத்தனை லீற்றர்?"

வாழ்க்கையில் ஒருவரும் கேட்காத கேள்வி! ஓடிப்போய் அளந்தேன். பதினெட்டடி நீளம், நாலடி அகலம், இரண்டடி ஆழம். முனை ஒடுங்குவதால் பாதிதான். "இரண்டாயிரம் பிடிக்கும்!" என்று கத்தினேன். தோணி சரியாமல் இருக்க நசீர் நானா அடியில் பழைய ரயர்களை அடுக்க, தண்ணீர் பாய்ந்தது. மிச்சத்துக்கு அயல் பெண்கள் கிடாரம், வாளி, பிள்ளை குளிக்கிற பேசின் எல்லாம் கொண்டு ஓடி வந்தார்கள். மருதோன்றிக் கையை உயர்த்திப் பிடித்தபடி மணப்பெண் யன்னலில் நின்று விழுந்து விழுந்து சிரித்தாள். மத்தியானம் விருந்தாளிகள் தோணியில் கோப்பை விட்டு அள்ளிக் கை கழுவினார்கள். வாப்பா தோணி விளிம்பைத் தட்டினார். "கடலில தோணிக்குள்ள தண்ணி வந்தா கலிமா சொல்லுவம் தங்கச்சி, இண்டைக்கு முட்ட முட்ட நிக்கிது, நான் நிண்டு சிரிக்கிறன்!"

எந்தத் தாங்கியும் எழுதின அளவுக்குத் தண்ணீர் பிடிக்கும், அதை வாங்க வருகிற மனிசர்தான் எந்த அளவுக்கும் பிடிபடுவதில்லை.