சர்க்கரை டீச்சர்

"சர்க்கரையை நெருப்புல போட்டா குப்புன்னு எரிஞ்சு போயிடும். செல்லு அப்படிக் கூத்தடிக்காது, கொஞ்சம் கொஞ்சமாத்தான் பிரிக்கும்" என்றபடி முதல் பெஞ்சுப் பெண்ணின் கையில் ஒரு சாக்பீஸைத் திணிக்கிறார் உயிரியல் ஆசிரியை. அது வரிசை முழுக்கக் கைமாறிப் போகிறது. "இதுதான் எலக்ட்ரான். கொடுக்கிறவளுக்கு ஆக்சிஜனேற்றம், வாங்குறவளுக்கு ஒடுக்கம். கைமாற மாற சக்தி கிடைக்கும். கடைசியா வாங்கிக்கிறது நாம இழுக்கிற மூச்சுல இருக்கிற ஆக்சிஜன்."

இந்தப் பாடத்தாலேயே பள்ளியில் அவருக்குச் சர்க்கரை டீச்சர் என்று பெயர். புதிதாக வரும் பெற்றோர்கள் நீரிழிவு என்று நினைத்துக்கொண்டு இனிப்பில்லாத தேநீரை நீட்டுவார்கள். மறுக்காமல் குடித்துவைப்பார். படிகளை இரண்டிரண்டாகத் தாவி ஏறுகிறவர்.

அந்த வேகந்தான் வீட்டில் வினையாயிற்று. மகள் சின்ன வயதிலேயே மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்துவிடுவாள். "கால் கெஞ்சுதும்மா" என்பாள். "உடம்பு வளைய மாட்டேங்குது, அதான். நடிக்காத, எந்திரி" என்பார் அம்மா. பழகட்டும் என்று புத்தகப் பையைக்கூட வாங்கிக்கொள்ள மாட்டார். ரத்தசோகை இல்லை என்று குடும்ப மருத்துவர் சொன்ன பிறகு, திட்டுவதற்கு லைசென்ஸே கிடைத்தது போலாயிற்று.

கல்லூரியில் சேர்ந்த வருடம் மகள் வகுப்பறை வாசலில் சுருண்டு விழுந்தாள். தசையில் துணுக்கெடுத்துப் பார்த்த நிபுணர் பொறுமையாக விளக்கினார்: "சாப்பிடுற சர்க்கரை செல்லுக்குப் போகுது. ஆனா செல்லுக்குள்ள சக்தி தயாரிக்கிற மைட்டோகாண்ட்ரியாவுல எலக்ட்ரானைக் கைமாத்துற சங்கிலியில ஒரு கண்ணி சரியா வேலை செய்யல. அதனாலதான் சக்தி பத்தல." அம்மா தலையை மட்டும் ஆட்டினார். வருடா வருடம் அவர் நடத்துவதே இந்தப் பாடந்தான். "இந்த வகை அம்மா வழியாத்தான் வரும்" என்று நிபுணர் முடித்தபோது, மகள்தான் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

முழுக்கக் குணமாக்க மருந்தில்லை. வீட்டைத் தரைத்தளத்துக்கு மாற்றிக்கொண்டார்கள். மகள் வீட்டிலிருந்தபடியே மொழிபெயர்ப்பு வேலை பார்க்கிறாள். ஒரு நாள் சாப்பிடும்போது, "நான் அப்ப திட்டினதெல்லாம்..." என்று அம்மா இழுத்தார்.

"எல்லாம் மறந்துபோச்சும்மா. அந்த 'நடிக்காத' மட்டும்தான் போகல" என்றாள் மகள், விளையாட்டாகத்தான்.

மாலையில் இருவரும் தெருமுனை வரை நடக்கிறார்கள். மகளின் மூச்சு மாறுவது இப்போதெல்லாம் அம்மாவின் காதுக்கு உடனே எட்டிவிடுகிறது. "நிப்போமா" என்று கேட்டால் அவளுக்குக் கோபம் வரும். அதனால் தானே நின்று, குனிந்து, நாடா அவிழ்ந்துவிட்டது போலக் காலணியை நோண்டத் தொடங்குகிறார். அது நாடாவே இல்லாத காலணி. மகள் "போலாம்மா" என்று சொல்லும்வரை விரல்கள் அதன் விளிம்பைத் தடவிக்கொண்டே இருக்கின்றன.