ஏரிக்கு அடியில் கிடந்தவன்

ஏரியில் மூழ்கிப்போனவர்களின் உடலைத் தேடி எடுத்துக் கொடுப்பதுதான் அவன் பிழைப்பு. நீர்க்காகம் என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. குடித்துவிட்டு மனைவியை அடித்தே காலத்தை ஓட்டியவன், மனம் திருந்தி, அதே ஏரியில் ஞானஸ்நானம் எடுக்க வெள்ளை அங்கியோடு வந்து நின்றான். மனைவி துண்டோடு கரையில் காத்திருந்தாள்.

பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் பெயரால் போதகர் அவனைத் தண்ணீருக்குள் அமிழ்த்தினார். பழக்கதோஷத்தில் அவன் கண்ணைத் திறந்துவிட்டான். அடியில், சேற்றில், ஒருவன் மல்லாந்து கிடந்தான். கிடந்தவனுக்கு இவனுடைய முகம். இவன் கை தானாக நீண்டு அவன் சட்டையைப் பற்றியது. அதற்குள் போதகர் தூக்கி நிறுத்திவிட்டார்.

"ஐயா, கீழ ஒருத்தன் கிடக்கான்... நான்தான் கிடக்கேன்." என்றான் அவன்.

போதகர் கலங்கிய தண்ணீரையே பார்த்தார். "வெளிய எடுக்காதீங்க. அந்தப் பழைய ஆளை அடக்கம் பண்ணத்தானே வந்தோம். செத்தது அவன்; கிறிஸ்துவோட எழுந்தது நீங்க. கரையேறுங்க."

அவன் கையை விரித்தான். உள்ளங்கையில் ஒரு நீலப் பொத்தான் இருந்தது. அவன் அங்கியிலோ பொத்தானே கிடையாது. அதைத் தண்ணீரில் போட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தான்.

துண்டை நீட்ட வந்த மனைவி, முன்பின் தெரியாத ஆளைக் கண்டதுபோல் தயங்கி நின்றாள். பிறகு, பயமில்லாமல் அவன் தலையைத் துவட்டினாள்.