ஜூலை பத்தில் இடம் கம்மி

கேபிள் டி.வி.யில் 'வரலாற்றில் இன்று' வாசிக்கிறவளுக்குத் தினமும் யாராவது செத்தால்தான் பிழைப்பு ஓடும். முதலாளி சொல்வதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு, வீட்டுக்குப் போய் பாத்திரத்தை டமார் டமாரென்று தேய்க்கிற அன்பர்களே, உங்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன். மற்றவர்களுக்குப் புரியாது.

எங்களுடையது வேலூரில் ஒரு லோக்கல் சேனல். மதியச் சாப்பாட்டு நேரத்தில் என் நிகழ்ச்சி வரும். எழுதுவதும் நான், வாசிப்பதும் நான். மற்ற நாளெல்லாம் யார் பிறந்தார், எதைக் கண்டுபிடித்தார் என்று ஒப்பேற்றிவிடலாம். ஜூலை பத்து அப்படியில்லை. 1806-இல் வேலூர்க் கோட்டைச் சிப்பாய்கள் வெள்ளைக்காரனை எதிர்த்து எழுந்த நாள் அது. நினைவுத் தூணுக்கு மலர்வளையம் வைப்பார்கள், கடைக்காரர்கள் போட்டி போட்டு விளம்பரம் தருவார்கள். அன்றைக்குப் படை, சண்டை, வீரர் சம்பந்தப்பட்டதை மட்டுமே வாசிக்க வேண்டும் என்பது எங்கள் ஓனரின் சட்டம். போன வருஷம் அந்த ஒரு தேதி என்னைப் படுத்திய பாடு இருக்கிறதே, அதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

பிரான்ஸ் போனது

ஜூலை பத்தில் சண்டைக்குப் பஞ்சமே இல்லை. 1778-இல் பிரான்ஸ் பிரிட்டன்மேல் போர் அறிவித்தது அன்றுதான். 1940-இல் பிரிட்டன் வானத்தில் ஜெர்மானிய விமானங்களோடு நடந்த பெரிய போரின் முதல் நாள் என்று அதைத்தான் சொல்கிறார்கள். 1943-இல் நேச நாட்டுப் படைகள் இத்தாலியின் சிசிலித் தீவில் இறங்கியதும் அதே தேதி. நம்ம ஊர்க் கதையையும் சேர்த்து நாலு. ராத்திரி சோற்றைக்கூட மறந்து உட்கார்ந்து எழுதி, காலையில் ஓனர் மேஜையில் வைத்தேன்.

ஓனர் பல்குத்திக்கொண்டே படித்தார். விமானப் படம் பளிச்சென்று இருந்ததால் வான்போர் தப்பித்தது. பிரான்ஸ் பக்கம் வந்ததும் முகத்தைச் சுளித்தார். அமெரிக்கா விடுதலைக்கே அந்தப் போர் பெரிய துணை சார் என்று சொல்லிப் பார்த்தேன். மனுஷன் பேனாவை எடுத்து ஒரே கோடு போட்டார்.

"பிரான்ஸ்ல நமக்கு ஒரு கேபிள் கனெக்‌ஷன்கூட இல்லியேம்மா, அவன் சண்டை நமக்கு இன்னாத்துக்கு?"

தோல் இல்லாத புரட்சி

நிகழ்ச்சிக்கு ஸ்பான்சர் ராணிப்பேட்டையில் தோல் பதனிடுகிற ஒருவர். நல்ல மனுஷன்தான், தீபாவளிக்கு எங்கள் எல்லாருக்கும் ஸ்வீட் பாக்ஸ் அனுப்புவார். எழுதியதை அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னார் ஓனர். அனுப்பின கையோடு போன் வந்தது.

கோட்டைச் சிப்பாய்கள் பொங்கி எழ ஒரு முக்கியக் காரணம், அவர்கள் தலையில் திணித்த புதுத் தலைப்பாகையில் இருந்த தோல் சின்னம். பள்ளிக்கூடப் பாடத்திலேயே இருக்கிற விஷயம். நானும் அதை எழுதியிருந்தேன். ஸ்பான்சர் குரலில் கோபம் இல்லை, வருத்தம்தான் இருந்தது. ஏற்கெனவே தண்ணீர், நாற்றம் என்று ஊரே அவர்களைத் திட்டுகிறதாம். இதில் இருநூறு வருஷத்துப் பழியையும் சுமக்க முடியாதாம்.

"தோல்னாலதான் கலவரம்னு நீங்களே சொன்னா நாங்க எங்கம்மா போறது? துணின்னு சொல்லிடுங்க, யார் பாக்கப் போறா."

இத்தாலிக்காரர் சாப்பிடும் நேரம்

ஆம்பூர்ப் பக்கம் ஷூ கம்பெனி கேன்டீன்களில் மதியம் எங்கள் சேனல்தான் ஓடும். ஒரு கம்பெனியின் எச்.ஆர். மேனேஜர் பதறிக்கொண்டு கூப்பிட்டார். எங்கள் ஓனர் அவருக்கு தோஸ்த், சிசிலி விஷயத்தை அவர்தான் உளறியிருக்கிறார். ஜூலை பத்தன்று இத்தாலியிலிருந்து ஷூ வாங்குகிற பையர் வருகிறாராம், கேன்டீனைச் சுற்றிப் பார்ப்பாராம். அந்த நேரத்தில் சிசிலியில் அவர்கள் நாட்டுக்குள் எதிரிப் படை இறங்கியதைக் காட்டினால் ஆர்டர் கைவிட்டுப் போய்விடும் என்று பயம்.

எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. "சார், அவருக்குத் தமிழ் தெரியுமா?" என்று கேட்டேன்.

"தமிழ் தெரியாது மேடம், மேப் தெரியுமில்ல!"

சிசிலியும் போனது.

அரிசி லாரி

அந்த வாரமே எஸ்தர் வந்தாள். ஆம்பூரில் ஷூ கம்பெனியில் தையல் மெஷின் ஓட்டுகிறவள். லீவு போட்டுவிட்டு பஸ் பிடித்து வந்திருந்தாள். விரல் நுனியில் பசை காய்ந்து தோல் உரிந்திருந்தது. உட்காரச் சொன்னால்கூட உட்காரவில்லை.

அவள் கணவர் ஜெயசீலன் ராணுவத்தில் நாயக். இமயமலைப் பக்கம் மேலே முகாமுக்கு அரிசி ஏற்றிக்கொண்டு போன லாரி பள்ளத்தில் உருண்டதில் போய்ச் சேர்ந்துவிட்டார். அதுவும் ஒரு ஜூலை பத்து. அப்போது எஸ்தர் ஆறு மாதக் கர்ப்பிணி. ஊரில் போரில் இறந்தவர்களுக்கு ஒரு கல் நட்டிருக்கிறார்கள். அதில் அவர் பெயரைப் போட மாட்டேன் என்றுவிட்டார்கள். லாரி கவிழ்ந்து செத்தவன் கணக்கில் வர மாட்டானாம். அன்றைக்கு வயிற்றில் இருந்த பெண் இப்போது பதினொன்றாம் வகுப்பு. அப்பா எந்தச் சண்டையில் செத்தார் என்று கேட்டுக் கேட்டு, இப்போது கேட்பதையே விட்டுவிட்டாளாம். "அது கேக்காததுதான் மேடம் எனக்குத் தாங்கல" என்றாள் எஸ்தர்.

ஜூலை பத்தில் செத்த வீரர்களையெல்லாம் நான் டி.வி.யில் சொல்கிறேனாம். ஒரு தபா அவர் பெயரையும் அந்த வரிசையில் சொன்னால் போதும், பெண் காதில் விழுந்தால் போதும். அது என்ன சண்டை என்று எழுதுவது என நானும் கேட்டுத் தொலைத்தேன்.

"சண்டைல்லாம் இல்ல மேடம், அரிசி ஏத்தினு போனாரு. அரிசி போலன்னா மேல இருக்கறவன் எத்த துன்னுட்டு சண்டை போடுவான்?"

தகுதி

ஓனரிடம் போனேன். பிரான்ஸ் காலி, சிசிலி காலி, இரண்டு இடம் சும்மா கிடக்கிறது, ஒரே ஒரு வரி சார் என்றேன். நம் பக்கத்து ஊர்க்காரர், நம் தேதி என்றேன். அவர் காலண்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அப்புறம் பொறுமையாக விளக்கினார். அந்தப் பொறுமைதான் எனக்கு ஆகவில்லை. கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"நினைவஞ்சலின்னா கீழ ஸ்க்ரோல்ல போடலாம்மா, ரேட் கார்டு இருக்கு. வரலாறுன்னா ஒரு தகுதி வேணாமா?"

தமீமின் யோசனை

எங்கள் எடிட்டர் தமீம் பேசவே மாட்டான். அன்றைக்கு நான் ஸ்டூடியோவில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, டீ வாங்கி வந்து வைத்தான். விஷயத்தைக் கேட்டான். அவன் மாமா ஒருவரும் பட்டாளத்தில் இருந்தவர்தானாம், இத்தனை நாளும் சொன்னதில்லை. கதவைச் சாத்திவிட்டு, "பேஜாரே வேணாக்கா, எழுதுங்க" என்றான்.

எழுதினேன். 'இதே ஜூலை பத்தில், இமயமலைச் சாலையில் நம் படைக்கு உணவு கொண்டுசென்றபோது உயிர் நீத்தவர், ஆம்பூர் அருகே பிறந்த நாயக் ஜெயசீலன்.' வாசிக்கும்போது பெயரில் தடுக்கி இரண்டு தடவை வீணானது. மூன்றாவது சரியாக வந்தது. அதை எங்கே வைப்பது என்று கேட்டதற்கு தமீம் யோசிக்கவே இல்லை.

"கட்டக் கடைசில வெச்சிடலாம்க்கா, ஓனர் முழுசா பாத்ததா சரித்திரமே இல்ல."

எஸ்தருக்குப் போன் போட்டுச் சொன்னேன். அழுதுகொண்டே, எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டுக்கொண்டாள்.

ஒன்றேகால் மணி

ஜூலை பத்து. எஸ்தர் தன் லைனில் தைக்கிற பெண்களையெல்லாம் கேன்டீன் டி.வி. முன்னால் உட்கார வைத்திருந்தாள். அவள் மகள் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டுப் பக்கத்து வீட்டில் டி.வி. முன்னால். தமீமும் நானும் ஆபீஸ் டி.வி.யை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றோம். கோட்டை வந்தது, துணித் தலைப்பாகை வந்தது, வான்போர் வந்தது. அப்புறம் என் குரல்: "...ஆம்பூர் அருகே பிறந்த நாயக் ஜெய—"

டைல்ஸ் கடை விளம்பரம்! 'வேலூர் வீரர்களுக்கு வீரவணக்கம், அனைத்து பாத்ரூம் டைல்ஸும் கிடைக்கும்.' அன்றைக்கு மட்டும் ஓனர் விளம்பரங்களைக் கூடுதலாக விற்று, விளம்பர நேரத்தை ஒன்றேகாலுக்கே முன்னால் இழுத்திருந்தார். எங்களிடம் யாரும் சொல்லவில்லை. மணி ஆனால் கம்ப்யூட்டர் தானாகவே விளம்பரத்துக்குத் தாவிவிடும், வரலாறு பாதியில் நின்றாலும் அதற்குக் கவலையில்லை. யாரிடம் போய்ச் சண்டை போடுவது? மறைத்து வைத்தது நாங்கள். வாயைத் திறந்தால் தமீமின் வேலை போகும். கடைசியில் வைத்தால் வெட்டுவது கடைசியைத்தான் என்று எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. தமீம் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

நானே எஸ்தரைக் கூப்பிட்டேன். கேன்டீன் சத்தம் கேட்டது. மன்னிச்சிடும்மா, மன்னிச்சிடும்மா என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அவள்தான் என்னைத் தேற்றினாள்.

"உடுங்க மேடம், அவரு மலை மேலேர்ந்து போன் பண்ணப்பவும் இப்டித்தான், பேச்சு பாதில இருக்கறப்பவே கட் ஆயிடும். பொண்ணு இப்பதான் போன்ல பேசுச்சு, மீதிப் பேர அதுவே சத்தமா சொல்லிச்சாம்."

ஆகவே அன்பர்களே, வரலாற்றில் பெயர் வர வேண்டுமானால் நாட்டுக்காகச் செத்தால் மட்டும் போதாது, விளம்பரம் ஆரம்பிப்பதற்குள் செத்து முடித்திருக்க வேண்டும்.