நான்காவது மாத்திரை

ஜெலுத்தோங்கில் நான் தாதியாக வேலை செய்யும் கிளினிக்குக்கு ஒரு தொழிற்சாலை பஸ் ஓட்டுநர் வருவார். ரத்தம் எடுக்க எப்போதும் இடது கை மோதிர விரலைத்தான் நீட்டுவார். மற்ற விரல்கள் ஸ்டியரிங்குக்கு வேண்டுமாம். இதய மாத்திரைகளின் காலி அட்டைகளையும் கொண்டுவந்து மேசையில் அடுக்குவார், ஒன்றையும் விடவில்லை என்று காட்ட. ஆனாலும் கால் வீங்கி, மூச்சுத் திணறி, இரண்டு முறை வார்டில் கிடந்தார்.

விரல் நுனியில் எடுத்த துளி ரத்தத்தில் மருந்து இருக்கிறதா என்று பார்க்க அனுப்பினோம். முடிவு வந்ததும் கேட்டேன்.

“அண்ணே, மூணு மாத்திரை ரத்தத்துல இருக்கு. நீர் மாத்திரைய மட்டும் காணோமே?”

அவர் அட்டைகளை மெதுவாகப் பைக்குள் தள்ளினார்.

“அதப் போட்டா அடிக்கடி ஒண்ணுக்கு வருது மிஸ்ஸி. காலையில பாயான் லெப்பாஸ் ரோட்ல ஜாம். பஸ்ல நாப்பது பேரு. எங்க நிறுத்துறது லா?”

மாத்திரை போட்டீர்களா என்று ஒவ்வொரு முறையும் கேட்டிருக்கிறோம். எத்தனை மணிக்கு பஸ் எடுப்பீர்கள் என்று ஒருவரும் கேட்டதில்லை. டாக்டரிடம் பேசி, வேலை முடிந்து வீடு திரும்பியதும் நீர் மாத்திரையைப் போட்டுக்கொள்ளச் சொன்னேன்.

அடுத்த முறை அவர் அட்டைகள் எதையும் கொண்டுவரவில்லை. உட்கார்ந்ததும் மோதிர விரலை நீட்டினார்.

“குத்திப் பாருங்க மிஸ்ஸி.”